வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் இன்சூரன்ஸ் கிளைம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும் எங்கள் குடியிருப்பிலும் பக்கத்துத் தெருக்களிலும் இன்சூரன்ஸ் கிளைம் பேப்பர்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளம், 2023இல் மிக்ஜாம், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய மழை, 2024இல் ஃபெஞ்சல் என்று ஒவ்வொன்றுக்குப் பிறகும் மக்கள் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவரவர் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

பதில்கள் பெரும்பாலும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியை வைத்தே. 2021 ஏப்ரல் 1 முதல் வீட்டுக்கான தீ மற்றும் பேரிடர் இன்சூரன்ஸை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் இந்தப் பெயரில், ஒரே மாதிரியான விதிகளோடு விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதித்தது. உங்களுடையது வேறு பாலிசியாக இருந்தால் அதன் விதிகளை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கிட்ட வீட்டு இன்சூரன்ஸ் இருக்கான்னே தெரியலைங்க. லோன் வாங்கும்போது ஏதோ பிடிச்சாங்க. அது இதுதானா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வீட்டுக் கடன் கொடுக்கும்போது வங்கிகள் இரண்டு விதமான பாலிசிகளைப் போடுவது உண்டு. ஒன்று, கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. தண்ணீர் புகுந்ததற்கு அதில் ஒரு ரூபாய்கூட வராது. இன்னொன்று, கட்டடத்துக்கான காப்பீடு. கடன் பத்திரங்களோடு வந்த காகிதத்தில் பாரத் கிருஹ ரக்ஷா என்றோ, பழைய கடனாக இருந்தால் தீ மற்றும் சிறப்பு அபாயங்கள் பாலிசி என்றோ போட்டிருந்தால் அது கட்டடத்துக்கானது.

காகிதம் கிடைக்கவில்லை என்றால் வங்கிக் கிளையில் பாலிசி எண்ணையும் நகலையும் கேளுங்கள். முதல் வருடம் மட்டும் போட்டுவிட்டுப் பிறகு புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கடன் பாக்கி இருக்கும்வரை பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும். அதனால் கட்டடத்துக்கான கிளைம் தொகை வங்கி வழியாகத்தான் வரும். சுவர் பழுது பார்க்க அந்தப் பணம் தேவை என்று வங்கிக்கு எழுதிக் கேட்கலாம்.

வெள்ளத்துக்குன்னு தனியா எடுத்திருக்கணுமா?

வேண்டாம். பாரத் கிருஹ ரக்ஷாவில் வெள்ளம், நீர் சூழ்தல், புயல், சூறாவளி, சுனாமி எல்லாம் அடிப்படைப் பாலிசியிலேயே அடங்கும். தண்ணீர்த் தொட்டி, குழாய் போன்றவை வெடிப்பதும் நிரம்பி வழிவதும்கூட அதே பட்டியலில் இருக்கின்றன. கட்டடம் என்ற சொல்லுக்குள் காம்பவுண்டு சுவர், கேட், தண்ணீர்த் தொட்டி, நிரந்தரமாகப் பொருத்திய மின் வயரிங், கழிப்பறைச் சாதனங்கள் எல்லாம் வரும். வெள்ளத்தில் முதலில் சாய்வது காம்பவுண்டு சுவர்தான். அதைக் கிளைமில் எழுத மறந்தவர்கள் நிறையப் பேர்.

பட்டியலில் உள்ள சம்பவம் நடந்து 7 நாளுக்குள், அதன் காரணமாக வீட்டில் திருட்டு நடந்தால் அதுவும் உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்கோ உறவினர் வீட்டுக்கோ போனவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இதற்கு மட்டும் போலீஸ் புகார் அவசியம்.

வீட்டுச் சாமானுக்கும் வருமா, இல்ல சுவருக்கு மட்டுந்தானா?

கட்டடத்துக்குப் பாலிசி எடுத்திருந்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே காப்பீடு உண்டு. சாமான் பட்டியல் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால்தான் பாலிசி எடுக்கும்போதே விவரம் சொல்லி எடுத்திருக்க வேண்டும். இது தெரியாமல் சுவர் பெயின்ட்டுக்கு மட்டும் கிளைம் போட்டு, கட்டில், மெத்தை, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் சொந்தக் காசில் மாற்றியவர்கள் உண்டு. தயவுசெய்து உங்கள் பாலிசியைப் பாருங்கள்.

தண்ணி இன்னும் வடியவே இல்ல. இப்பவே சொல்லணுமா, வடிஞ்சப்புறம் சொல்லலாமா?

இப்பவே. நஷ்டம் எவ்வளவு என்று தெரிய வேண்டியதில்லை. பாலிசி எண், முகவரி, எந்தத் தேதி எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, தோராயமாக எவ்வளவு உயரம் என்ற நான்கு விவரம் போதும். கட்டணமில்லா எண்ணில் பேசினால் கிளைம் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல் ஒரு மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள். ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பில் சொன்னது கம்பெனியிடம் சொன்னதாகாது.

கிளைம் படிவத்தை, சேதத்தை முதலில் பார்த்ததிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கரன்ட் இல்லை, போன் வேலை செய்யவில்லை, ஊரிலேயே இல்லை என்று தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் அதை எழுதிக் கொடுங்கள். தகவல் தாமதமாக வந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து நேர்மையான கிளைமைத் தள்ளக்கூடாது என்று ஐஆர்டிஏஐ 2011லேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

வீடு பூரா சேறு. சர்வேயர் வர்ற வரைக்கும் அப்படியே வெச்சிருக்கணுமா? குழந்தைங்க இருக்கற வீடு.

கழுவுங்கள். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்புபவர்தான் சர்வேயர், அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை என்று பாலிசியே சொல்கிறது. ஆனால் துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கிளைம் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

முதலில் மெயின் சுவிட்ச் ஆஃப். பிறகு ஒவ்வொரு அறையிலும் வாசலில் நின்று ஒரு வீடியோ. தண்ணீர் வடிந்த சுவரில் பழுப்பாக ஒரு சேற்றுக்கோடு நிற்கும். தரையில் ஊன்றி அந்தக் கோடுவரை டேப் பிடித்து, எண் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். கூடத்தில், படுக்கையறையில், சமையலறையில், தெருப்பக்கச் சுவரில் என்று நான்கைந்து இடங்களில் வேண்டும். உள்ளேயும் வெளியேயும் கோடு ஒரே மட்டத்தில் இருந்தால் அது வெள்ளம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அந்தக் கோட்டைக் கழுவிவிட்டால் திரும்ப வராது. அடுத்து, ஒவ்வொரு மின்சாதனத்தின் பின்பக்கத்திலும் உள்ள மாடல் எண், சீரியல் எண் ஸ்டிக்கரைக் கிட்டப் போய் எடுங்கள். ஈரத்தில் இரண்டு நாளில் அது உரிந்துவிடும்.

ஊறிய மெத்தை, தலையணை, அரிசி, பருப்பு இவற்றை வைத்திருக்க முடியாது. படம் எடுத்துவிட்டு, இதையெல்லாம் சுகாதாரக் காரணத்துக்காக அப்புறப்படுத்துகிறோம் என்று கம்பெனிக்கு ஒரு வரி மின்னஞ்சல் போட்டுவிட்டு மாநகராட்சி வண்டியில் ஏற்றுங்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, இன்வெர்ட்டர் போன்ற பெரிய பொருட்களை மட்டும் சர்வேயர் பார்க்கும்வரை காயலான் கடைக்குப் போடாதீர்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க ஈரத்தோடு பிளக்கில் சொருகவும் கூடாது. ஷார்ட் சர்க்யூட்டில் கருகிய சாதனத்துக்குப் பாலிசியில் விலக்கு இருக்கிறது. வெள்ளத்தில் கெட்ட பொருளை நீங்களே அந்த விலக்குக்குள் தள்ளிவிடுவீர்கள்.

பில்லெல்லாம் தண்ணியிலேயே போயிடுச்சு. பில் இல்லாம கிளைம் போட முடியுமா?

முடியும். ஆன்லைனில் வாங்கியதென்றால் பழைய ஆர்டர் பக்கத்தில் பில் இருக்கும். கடையில் வாங்கியதென்றால் உங்கள் மொபைல் எண்ணைச் சொன்னால் பெரிய கடைகள் நகல் எடுத்துத் தருவார்கள். தவணையில் வாங்கியதற்குக் கடன் கணக்கு, கார்டில் வாங்கியதற்கு வங்கி அறிக்கை, வாரன்டி பதிவு செய்த குறுஞ்செய்தி, பொங்கலுக்கோ பிறந்தநாளுக்கோ எடுத்த படத்தில் பின்னால் தெரியும் டிவி என்று எல்லாமே ஆதாரம்தான். மரச் சாமானுக்கு அதே அளவில் இன்று செய்ய என்ன ஆகும் என்று ஆசாரியிடம் மதிப்பீடு எழுதி வாங்குங்கள்.

2024 ஜூனில் வந்த ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை இரண்டு விஷயம் சொல்கிறது. கிளைமுக்குத் தேவையான, அதோடு தொடர்புடைய ஆவணங்களை மட்டுமே கேட்கலாம். ஆவணம் இல்லை என்பதற்காகவே கிளைமை நிராகரிக்கக் கூடாது. ‘ஒரிஜினல் பில் இல்லாமல் ஒன்றும் ஆகாது’ என்று யாராவது போனில் சொன்னால், அதை மின்னஞ்சலில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சர்வேயர் எப்ப வருவார்? வந்தா என்ன கேப்பார்?

மேலே சொன்ன அதே சுற்றறிக்கையின்படி, தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும். 15 நாளுக்குள் அவர் அறிக்கை கம்பெனிக்கு வர வேண்டும். அது வந்த 7 நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். அறிக்கையை வாங்குவது கம்பெனியின் பொறுப்பு. ஊரே மூழ்கிய சமயத்தில் ஒரு சர்வேயர் தலையில் ஏராளமான வீடுகள் இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் நாள் தாண்டினால் தேதி குறிப்பிட்டு நினைவூட்டுங்கள்.

சர்வேயர் கம்பெனி நியமிப்பவர்தான், ஆனால் ஐஆர்டிஏஐ உரிமம் பெற்றவர். எதிரியாக நினைக்க வேண்டாம். அவருக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பது. தெருவிலிருந்து வாசல் வழியாக வந்ததா, கழிவுநீர்க் குழாய் எதிர்த்து வந்ததா, மேலேயிருந்து ஒழுகியதா? கிளைம் முழுக்க இந்தப் பதிலில்தான் தொங்குகிறது. உண்மையை, பார்த்த வரிசையில், தேதி மணியோடு சொல்லுங்கள். தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள்.

சாமான் பட்டியலை அறைவாரியாக இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலின் மேல் ‘தற்காலிகப் பட்டியல்’ என்று எழுதுங்கள். காரணம் இருக்கிறது. பிளைவுட் அலமாரி முதல் நாள் பார்க்க நன்றாகவே இருக்கும். ஒரு வாரம் கழித்துத்தான் கீழ்ப்பலகை அப்பளம் மாதிரி உப்பி, லேமினேட் ஓரத்தில் விட்டுக்கொண்டு வரும், கதவு மூடாது. கதவு நிலை, சுவர்ப்பூச்சு, சுவிட்ச் பாக்ஸ் எல்லாமும் இப்படித்தான். பிறகு தெரிந்ததைப் படத்தோடு கூடுதலாக அனுப்ப வழி இருக்க வேண்டும்.

வீடு 80 லட்சத்துக்கு வாங்கினோம். பாலிசியில வெறும் 22 லட்சம்னு போட்டிருக்கான். ஏமாத்திட்டாங்களா?

இல்லை. நிலம் தண்ணீரில் கரையாது, அதனால் நிலத்தின் விலைக்குக் காப்பீடு கிடையாது. உள்பரப்பை இன்று திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் காப்பீட்டுத் தொகை. 900 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 22.5 லட்சம். அதில் 20 சதவீதமான 4.5 லட்சம் சாமான்களுக்குத் தானாக வரும்.

பழைய வகைப் பாலிசிகளில் தொகையைக் குறைத்துப் போட்டிருந்தால் அதே விகிதத்தில் கிளைமையும் வெட்டுவார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு கிடையாது. பாலிசியில் உள்ள தொகை வரைக்கும் உண்மையான நஷ்டம் வரும். ‘நீங்க கம்மியா இன்சூர் பண்ணியிருக்கீங்க, அதனால பாதிதான்’ என்று யாராவது சொன்னால் இந்த விதியைக் காட்டுங்கள்.

ஃப்ரிட்ஜ் வாங்கி அஞ்சு வருஷம் ஆச்சு. தேய்மானம்னு சொல்லிப் பாதிய கழிச்சுக்குவாங்களாமே?

பாரத் கிருஹ ரக்ஷாவில் சாமானுக்குப் பழுது பார்க்கும் செலவோ, அதே மாதிரியான பொருளை வாங்கும் செலவோதான் அடிப்படை. பழைய ஹவுஸ்ஹோல்டர் பாலிசிகளில் தேய்மானம் கழிப்பது வழக்கம். எது உங்களுடையது என்று பாருங்கள். பழுது பார்க்க முடிந்தால் கம்பெனி அதைத்தான் தேர்ந்தெடுக்கும். ஆகவே சர்வீஸ் சென்டரில் காட்டி, சரி செய்ய என்ன ஆகும் அல்லது சரி செய்ய முடியாது என்று அவர்கள் கடிதத் தாளில் எழுதி வாங்குங்கள். முழுத் தொகை கொடுத்தால் கெட்ட பொருளின் காயலான் மதிப்பைக் கழிப்பது நியாயமானதே.

மேல் வீட்டு பாத்ரூம்லேருந்து ஆறு மாசமா ஒழுகி எங்க சீலிங் பேந்து விழுது. இது தண்ணி டேமேஜ்தானே?

தண்ணீர்ச் சேதம்தான், ஆனால் கிளைம் வராது. பட்டியலில் இருப்பது குழாய் வெடிப்பதும் தொட்டி நிரம்பி வழிவதும். மாதக்கணக்கில் கசிவது இரண்டிலும் சேராது. மேல் வீட்டுக்காரரும் குடியிருப்புச் சங்கமும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. அதே மேல் வீட்டில் ஒரு நாள் வாஷிங் மெஷின் குழாய் திடீரென்று பிய்த்துக்கொண்டு தண்ணீர் கொட்டி உங்கள் ஃபால்ஸ் சீலிங் விழுந்தால் கதை வேறு. அன்றே படம், அன்றே தகவல், பிளம்பரிடம் காரணம் எழுதிய பில் ஆகியவற்றை வைத்துக் கிளைம் போடலாம். துருப்பிடித்த பழைய குழாயை மாற்றும் செலவை மட்டும் அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

மோட்டாரை ஆஃப் பண்ண மறந்து தூங்கிட்டோம். டேங்க் வழிஞ்சு ஹால் பூரா தண்ணி. நம்ம தப்புதானே, கிளைம் வராதுல்ல?

வரும், போடுங்கள். தொட்டி நிரம்பி வழிவது பட்டியலில் இருக்கிறது. மறதி என்பது மனிதருக்கு வருவது, வேண்டுமென்றே செய்ததற்குத்தான் விலக்கு. நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள்.

மொட்டை மாடி விரிசல் வழியா மழைத் தண்ணி இறங்கி கட்டில், பீரோ எல்லாம் நனைஞ்சிடுச்சு. வெள்ளம்னு போட்டுடலாமா?

போடாதீர்கள். சர்வேயர் வந்து தரையோரம் சேற்றுக்கோடு இல்லாததைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். பொய்யான தகவல் கொடுத்தால் மொத்தப் பாலிசியின் பலனும் போய்விடும்.

வெறும் மழை பட்டியலில் இல்லை, புயலும் வெள்ளமும் இருக்கின்றன. பழைய விரிசல் வழியாக வழக்கமான மழை இறங்கியதென்றால் வாய்ப்பு குறைவு. புயல் காற்றில் கூரை ஓடோ, தகரமோ, ஜன்னல் கண்ணாடியோ பெயர்ந்து அதன் வழியாகத் தண்ணீர் வந்ததென்றால் அது புயல் சேதம். மாடியில் தண்ணீர் தேங்கி படிக்கட்டு வழியாக உள்ளே கொட்டியதென்றால் நீர் சூழ்தல் என்று வாதிடலாம். இந்த மாதிரி இழுபறியான கிளைமுக்கு அன்றைய காற்று, மழை அளவு முக்கியம். நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அன்றைய பதிவையும் நாளிதழ்ச் செய்தியையும் இணைத்துவிடுங்கள்.

நாங்க வாடகைக்கு இருக்கோம். வீட்டுக்காரர் பாலிசியில எங்க சாமானுக்கு கேக்கலாமா?

கேட்க முடியாது. அவருடைய பாலிசி அவருடைய கட்டடத்துக்கும் அவருடைய சாமானுக்கும்தான். வாடகைதாரர் சாமானுக்கு மட்டும் தனியாகப் பாலிசி எடுக்கலாம். வெள்ளம் புகும் தெருவில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பேஸ்மென்ட்ல கார், லிஃப்ட் மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் மூழ்கிடுச்சு. எல்லாத்தையும் என் பாலிசியிலயே போடலாமா?

மூன்றும் உங்கள் வீட்டுப் பாலிசியில் வராது. கார், மோட்டார் இன்சூரன்ஸில் சொந்தச் சேதப் பிரிவில் வரும். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், இன்ஜின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீடு இல்லாதவர்களுக்குச் சிக்கல். லிஃப்ட், ஜெனரேட்டர், பொதுச் சுவர் எல்லாம் சங்கத்தின் பெயரில் உள்ள பாலிசியில் போட வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறதா என்று அடுத்த பொதுக்குழுவில் கேளுங்கள்.

நகை, ரொக்கம், வீட்டுப் பத்திரம் நனைஞ்சு போச்சு.

ரொக்கமும் பத்திரமும் பாலிசியில் இல்லை. நகைக்கு மதிப்புமிக்க பொருட்களுக்கான கூடுதல் பிரிவைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். நனைந்த நோட்டை வங்கியில் மாற்றலாம். பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம்.

அரசாங்கத்துல 6,000 ரூபாய் நிவாரணம் வாங்கிட்டோம். இனிமே இன்சூரன்ஸ் கேக்கக் கூடாதாமே?

கேட்கலாம். மிக்ஜாமின்போது ரேஷன் கடையில் கொடுத்தது அரசின் நிவாரணம். நீங்கள் பிரீமியம் கட்டி வாங்கிய உரிமை அதனால் போய்விடாது. சர்வேயர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீடு காயற வரைக்கும் வேற இடத்துல வாடகைக்கு இருந்தோம். அந்தச் செலவு?

வீடு குடியிருக்க முடியாத நிலையில் இருந்தால் மாற்று வீட்டு வாடகைக்கும், வாடகைக்கு விட்ட வீடாக இருந்தால் இழந்த வாடகைக்கும் இந்தப் பாலிசியில் இடம் உண்டு. வாடகை ரசீதும், வீடு குடியிருக்கத் தகுதியில்லை என்று கட்டடக் கலைஞரோ உள்ளாட்சி அமைப்போ கொடுத்த சான்றும் வேண்டும். இடிபாடு அகற்றும் செலவு கிளைம் தொகையில் 2 சதவீதம் வரையும், கட்டடப் பொறியாளர் கட்டணம் 5 சதவீதம் வரையும் கிடைக்கும். கிளைம் எழுதிக் கொடுக்க யாருக்காவது பணம் கொடுத்திருந்தால் அது உங்கள் செலவு.

எப்படியும் வெட்டித்தான் கொடுப்பாங்க. கொஞ்சம் கூட்டிப் போட்டாத்தானே சரியா வரும்?

இதைச் சொல்லாத ஏஜென்ட் குறைவு. அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். இல்லாத ஒரு ஏசியைச் சேர்த்தால், இருக்கிற கட்டில், ஃப்ரிட்ஜ், சுவர் எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும். மொடாவில் ஊறிய அரிசி வரைக்கும் உண்மையை எழுதுங்கள், ஆனால் ஒன்றையும் விடாதீர்கள். மக்கள் அதிகம் கோட்டைவிடுவது சின்னச் சின்னவற்றில்தான்: பாத்திரம், மிக்சி, பள்ளிப் புத்தகம், சைக்கிள், பூஜை அறைப் பலகை, திரைச்சீலை, செருப்பு. கூட்டிப் பார்த்தால் இதுவே ஆயிரக்கணக்கில் வரும்.

நாலு லட்சம் கேட்டோம், ஒண்ணு முப்பது தர்றேங்கறாங்க. ‘முழுத் தீர்வு’ன்னு கையெழுத்து கேக்கறாங்க. போடலாமா?

முதலில் எந்த இனத்துக்கு எவ்வளவு, எதை ஏன் கழித்தார்கள் என்ற கணக்கையும் சர்வே அறிக்கையின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். அறிக்கையைப் பார்த்தால் பாதிச் சண்டை தானாகவே தீரும். சில சமயம் ஒரு அறை விட்டுப்போயிருக்கும், சில சமயம் தேய்மானம் தவறுதலாகக் கழித்திருப்பார்கள். அந்த இடத்தை மட்டும் சுட்டி, ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேளுங்கள்.

பணம் உடனே தேவையென்றால், ‘மீதித் தொகைக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதையே அன்றே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ரசீதில் கையெழுத்துப் போட்டதாலேயே பாலிசிதாரர் மேலே முறையிடும் உரிமையை இழப்பதில்லை என்று 2015இல் ஐஆர்டிஏஐ தெளிவுபடுத்தியிருக்கிறது. அப்படி எழுத விடமாட்டோம் என்றால், யார், எந்தத் தேதியில் சொன்னார் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளைமையே தள்ளிட்டாங்க. அடுத்து எங்க போறது? வக்கீல் வெக்கணுமா?

முதல் படி, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். எந்த விதியின்படி மறுத்தீர்கள் என்று கேட்டு, மேலே சொன்ன ஆதாரங்களை இணையுங்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார் தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம்.

ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க அங்கே அனுமதியும் கிடையாது. நீங்களே போய்ப் பேசலாம். 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க முடியும். கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தியில்லை என்றால் அதன் பிறகும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அதற்கு இரண்டு வருடக் கெடு. வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்: அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்திலோ கோர்ட்டிலோ நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார்.